கோட்டைச்சாமியின் நாலு கதவு

உலகத்திலேயே காற்றை மறித்து நிறுத்திய மனிதர் ஒருவர்தான். அவர் என் பெரியப்பா கோட்டைச்சாமி. ஆற்றை மறித்து அணை கட்டியவர்கள், மலையைக் குடைந்து ரயில் விட்டவர்கள், நிலாவுக்கு ராக்கெட் அனுப்பியவர்கள் எல்லாரும் வரிசையில் நின்று அவருக்கு மாலை போட வேண்டும். ஆனி மாதம் திருச்சுழிக்குத் தெற்கே அடிக்கிற காற்று லேசுப்பட்டது அல்ல. கொடியில் காயப்போட்ட பாவாடையைக் கண்மாய்க்கு அந்தப் பக்கம் கருவேல மரத்தில் போய்த்தான் எடுக்க வேண்டும். தட்டில் போட்ட சோறு வாய்க்கு வருவதற்குள் பாதி மண்ணாகிவிடும். அப்பேர்ப்பட்ட காற்றை, "இம்புட்டுத்தான் ஒனக்கு, இதுக்கு மேல வராத" என்று ஒரு பழைய காரின் கதவோரத்தில் நிறுத்திக் காட்டினார் பெரியப்பா. கையில் இருந்த ஆயுதம் கொஞ்சம் ரப்பர், ஒரு ஸ்க்ரூ டிரைவர், நாலு ஷாம்பு பாக்கெட்.

கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். ஆனால் ரொம்பக் கூட்டவில்லை.

பெரியப்பாவுக்கு வயது ஐம்பத்து நாலு. காய்ந்த கருவேலங்கட்டைக்கு வேட்டி கட்டிவிட்டது போல இருப்பார். இருபது வருஷம் கரிமூட்டத்தில் வேலை பார்த்தவர். எங்கள் பக்கத்தில் விதைத்தது முளைக்காது. விதைக்காத சீமைக்கருவேலம் காடாக நிற்கும். அதை வெட்டிக் குவித்து அடுக்கி, மேலே மண்ணைப் பூசி மூடி, உள்ளே தீயைப் புகையவிட்டால் ஒரு வாரத்தில் கரியாகும். மண் பூச்சில் எங்காவது விரல் அளவு வெடிப்பு விட்டாலும் காற்று உள்ளே போய்விடும். கரியாக வேண்டியது சாம்பலாகிவிடும். பெரியப்பாவின் வேலை அந்த வெடிப்பைக் கண்டுபிடித்து அடைப்பது. மூட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, புகை நூல் மாதிரி எங்கே கிளம்புகிறது என்று பார்ப்பார். பார்த்த இடத்தில் ஒரு கை மண்ணை அப்புவார். இருபது வருஷம் இதுதான்.

அப்புறம் கரி ஏற்ற வந்த லாரிக்காரர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தே வண்டி ஓட்டப் பழகி, நாற்பது வயதில் லைசென்ஸ் எடுத்து, பள்ளிக்கூட வேன் ஓட்டினார். அதற்கும் அப்புறம் பாலவனத்தத்தில் ஒரு வாத்தியார் விற்ற பழைய வெள்ளைக் காரை வாங்கினார். இன்றைக்கு அந்தக் காருக்கு இருபத்தோரு வயது. என்னைவிட மூத்தது. வாத்தியார் வீட்டில் இருந்ததால் என்னைவிட அதிகம் படித்ததும்கூட.

ஊரில் யாருக்குப் பிரசவ வலி எடுத்தாலும், யார் பரீட்சைக்குப் போனாலும், பெண் பார்க்கப் போனாலும் அந்தக் கார்தான். பெரியப்பா ஹாரன் அடிக்க மாட்டார். ஆடு குறுக்கே வந்து நின்றால், அது யோசித்து ஒரு முடிவுக்கு வரும்வரை வண்டியை நிறுத்திக் காத்திருப்பார்.

அவரிடம் ஒரே ஒரு கெட்ட பழக்கம். சீப்பைத் தொலைப்பது. தலையில் சீவுவதற்கு அதிகம் ஒன்றும் இல்லை. ஆனாலும் வண்டியில் இடது கதவோரம் ஒரு சீப்பு வைத்திருப்பார். மாதம் ஒன்று காணாமல் போகும். போனதும், "ஏ மாரிக்கனி, ஏஞ் சீப்ப எடுத்தியா?" என்று தெருவே கேட்கக் கூப்பிடுவார்.

மாரிக்கனி நான்தான். கோட்டைச்சாமியின் தம்பி மகள். வயது பதினேழு. பதினொன்றாம் வகுப்பில் பாதியில் நின்றவள். பள்ளிக்கூடம் என்னை விட்டதா, நான் அதை விட்டேனா என்பது இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது. எங்கள் ஊரில் நாய்க்கு யாராவது பவுடர் பூசியிருந்தாலும், பஞ்சாயத்து டிவி தானாகச் சேனல் மாறினாலும் என் பெயர்தான் முதலில் வரும். பாதி நேரம் அது சரியாகவும் இருக்கும். சீப்பு விஷயத்தில் மட்டும் நான் எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணுவேன்.

இப்போது கதைக்கு வருகிறேன்.

பெரியப்பாவின் ஒரே மகள் அமுதவள்ளி. வைகாசியில் ஒரு நாள் மத்தியானம் அக்காவுக்கு எட்டாம் மாதத்திலேயே வலி எடுத்துவிட்டது. அருப்புக்கோட்டைப் பெரியாஸ்பத்திரிக்குப் பெரியப்பாதான் காரை ஓட்டிக்கொண்டு போனார். போகிற வழியில் நாலு கிலோமீட்டருக்கு ரோட்டின் இரண்டு பக்கமும் கரிமூட்டங்கள். கண்ணாடிகள் எல்லாம் ஏற்றித்தான் இருந்தன. ஏற்றி என்ன செய்ய? கண்ணாடியைச் சுற்றிப் பிடித்திருக்க வேண்டிய ரப்பர் எல்லாம் வெயிலில் காய்ந்து, சுருங்கி, நாலு விரல் நுழைகிற அளவுக்கு வாயைப் பிளந்து கிடந்தது. கரித்தூசி விருந்தாளி மாதிரி உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. அக்காவுக்கு வலியும் இருமலும் ஒன்றாக வந்தன. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, அக்கா ஒன்று சொன்னாள்.

"எப்பா, இந்தப் பிள்ள நல்லபடியாப் பொறந்தா சத்தியமா ஒங்க காருல ஏத்த மாட்டேன்."

வலியில் சொன்ன பேச்சுத்தான். ஆனால் பெரியப்பா அதைக் கேட்டுவிட்டார். அன்றைக்கு ராத்திரியிலிருந்து அவர் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று பெரியம்மா சொன்னது.

பிள்ளை பிறந்தது. பெண் குழந்தை. இரண்டு கிலோகூட இல்லை. இருபத்தாறு நாள் ஆஸ்பத்திரியில் தனி அறையில் வைத்துப் பார்த்தார்கள். வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கூட்டிப் போகலாம், தூசி புகை மட்டும் ஆறு மாதத்துக்கு ஆகவே ஆகாது என்று டாக்டரம்மா சொன்னாராம். அக்கா வீட்டுக்காரர் சண்முகவேல் அத்தான் உடனே, "ஏசி வண்டி ஒண்ணு பேசிட்டேன் மாமா, நீங்க சிரமப்படாதீக" என்று போன் பண்ணினார்.

தலைப்பிள்ளையைத் தாய்வீட்டு ஆட்கள்தான் அழைத்து வர வேண்டும். சொந்த வண்டி வைத்திருக்கிற தகப்பன், மருமகன் பேசிய வாடகை வண்டிக்குப் பின்னால் காலிக் காரை ஓட்டிக்கொண்டு வருவது எப்படி இருக்கும்? பெரியப்பா போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அப்புறம் அக்காவையே கூப்பிட்டார்.

"தூசி வராமப் பண்ணிட்டா ஏறுவியாம்மா?"

அக்கா சொன்னாள்: "பின்சீட்டுல வெள்ளத் துணிய விரிச்சுக்கிட்டு கரிமூட்டம் ரோட்டுல வாங்கப்பா. துணி வெள்ளையா இருந்தா ஏறுறேன். கறுத்துருந்தா கோவிச்சுக்கிறக் கூடாது."

அது திங்கட்கிழமை.

செவ்வாய்க்கிழமை காலையில் பெரியப்பா டவுனுக்குப் போய் மெக்கானிக்கைப் பார்த்தார். நானும் ஒட்டிக்கொண்டு போயிருந்தேன். மெக்கானிக் கதவைத் திறந்தார், ரப்பரைச் சுண்டினார், அது பொடிப்பொடியாக உதிர்ந்ததைப் பார்த்துச் சிரித்தார். "ஒரு வாரம் வண்டிய விட்டுட்டுப் போங்கண்ணே. ஆனா இதுக்குப் போயி எதுக்கு? கதவே உதிரப் போகுது."

பெரியப்பா வண்டியைத் திருப்பினார். பாளையம்பட்டிப் பக்கம் உள்ள ஸ்பேர் கடையில் ரப்பர் செட்டுக்குச் சொல்லிவிட்டு வந்தார். மதுரையிலிருந்து சாயங்காலம் பஸ்ஸில் போட்டுவிடுவார்களாம். வரும் வழியில், ரொம்ப நேரம் கழித்து, தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல, "ஓட்டை அடைக்க எனக்கு ஒருத்தன் சொல்லித் தரணுமாக்கும்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் செய்த காரியத்தை எந்த மெக்கானிக்கும் செய்திருக்க மாட்டான். சட்டியில் நெருப்பை அள்ளிப்போட்டு, அதன் மேல் சாம்பிராணியும் ஈர வைக்கோலும் போட்டு, காருக்குள் ஒரு செங்கல் மேல் வைத்து, நாலு கதவையும் சாத்தினார். காருக்குள் புகை திரண்டு கண்ணாடி வெள்ளையானது. பெரியப்பா கையில் சுண்ணாம்போடு காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். புகை எங்கே நூலாகக் கசிகிறதோ அங்கே ஒரு பொட்டு. தெருவில் பாதிப் பேர் குடத்தோடு ஓடி வந்துவிட்டார்கள்.

"எண்ணே, காரு எரியுது!"

"எரியல. மூட்டம் போட்டுருக்கேன்" என்றார் பெரியப்பா, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

மொத்தம் முப்பத்தொன்பது பொட்டு. கார் அம்மை கண்டது போல நின்றது. நான் அப்படிச் சொன்னதும் கூட்டம் சிரித்தது. பெரியப்பா மட்டும், "முப்பத்தொம்பதா? நான் முப்பத்தெட்டுல வச்சேன். நீ எங்கிட்டு ஒண்ணு வச்ச?" என்று கேட்டார். டிக்கிக் கதவில் நானே ஒன்று வைத்திருந்தேன். அவர் அதைத் துடைத்தார்.

ரப்பர் வந்தது. கறுப்பாக, வழவழவென்று, வட்டமாகச் சுருட்டியிருந்தது. நான் அதைக் குளியலறை மூலையில் தலை தூக்கினாற்போல் வைத்துவிட்டு வந்தேன். எங்கள் அம்மா போட்ட சத்தம் வீரசோழன் வரைக்கும் கேட்டிருக்கும். அதற்கு எனக்குக் கிடைத்ததைப் பற்றி இங்கே எழுத வேண்டியதில்லை.

புதன்கிழமை வேலை ஆரம்பித்தது. கண்ணாடியைச் சுற்றி உள்ள ரப்பரை மாற்ற வேண்டுமென்றால் கதவின் உள்பக்க அட்டையைக் கழற்ற வேண்டும். அட்டையைக் கழற்ற வேண்டுமென்றால் கண்ணாடி ஏற்றுகிற கைப்பிடியைக் கழற்ற வேண்டும். அதில் ஸ்க்ரூ கிடையாது. பின்னால் ஒரு சின்னக் கம்பி வளையம் பிடித்துக்கொண்டிருக்கும். பெரியப்பா பழைய லுங்கியில் ஒரு கீற்றுக் கிழித்து, கைப்பிடிக்குப் பின்னால் கொடுத்து, முதுகு தேய்ப்பது போல இப்படியும் அப்படியும் இழுத்தார். டிங்கென்று ஒரு சத்தம். வளையம் பறந்து புழுதிக்குள் விழுந்துவிட்டது.

அரை மணி நேரம் தேடினார். எங்கள் மண்ணில் விழுந்த ஊசியும் ஒன்று, கிணற்றில் விழுந்ததும் ஒன்று. நான் உடைந்த ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தைப் பிடுங்கிவந்து தரையில் இழுத்தேன். முதல் இழுப்பிலேயே வளையம் ஒட்டிக்கொண்டது. அதைத் தலைமுடியில் கிளிப் மாதிரி குத்திக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் அவரோடு சேர்ந்து தேடினேன்.

"ஏத்தா" என்றார் கடைசியில், தரையைப் பார்த்தபடியே. "தலையில குத்திருக்கத வச்சுக்க. ஆனா கைப்பிடிய மாட்டும்போது அது வேணும்."

முன்பக்க இடது கதவின் அட்டையைக் கழற்றியபோதுதான் உண்மை வெளியே வந்தது. கண்ணாடி கதவுக்குள் இறங்குகிற இடத்தில் ரப்பர் செத்துப் போயிருந்ததால், அந்த இடுக்கு வழியாக எது விழுந்தாலும் கதவின் வயிற்றுக்குள் போய்விடும். பெரியப்பா கையை விட்டு அடியில் துழாவினார். ஒரு சீப்பு வந்தது. இன்னொன்று வந்தது. பச்சை, கறுப்பு, பல் போனது, பல் போகாதது. மொத்தம் ஆறு.

"பாத்தீகளா! பாத்தீகளா பெரியப்பா! எம்புட்டு நாளு என்னயத் திருடி திருடின்னு சொன்னீக!" என்று குதித்தேன். தெருவில் போன ஆட்களை எல்லாம் கூப்பிட்டு ஆறு சீப்பையும் எண்ணிக் காட்டினேன். நல்லவேளை, அவர் மறுபடியும் கையை விட்டதை யாரும் பார்க்கவில்லை. இந்தத் தடவை உள்ளங்கை நிறையப் புளியங்கொட்டை வந்தது.

இரண்டு வருஷமாக அந்தக் கதவு கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. மூன்று மெக்கானிக்கிடம் காட்டினார். ஒருவராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. புளியங்கொட்டை தானாக நடந்துபோய்க் காரில் ஏறாது என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நான் குதிப்பதை நிறுத்தினேன். பெரியப்பா ஒன்றும் கேட்கவில்லை. கொட்டைகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கதவின் அடியில் கரியும் களிமண்ணும் அடைத்துக் கிடந்த ஓட்டைகளைத் தென்னங்குச்சியால் குத்திச் சுத்தம் செய்ய ஆரம்பித்தார். கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

புது ரப்பர் பள்ளத்துக்குள் இறங்க மறுத்தது. இறுக்கம். பெரியப்பா வீட்டுக்குள் போய் விளக்கெண்ணெய்ப் பாட்டிலோடு வந்தார். எங்கள் பக்கத்தில் பிள்ளையின் உச்சந்தலையிலிருந்து வண்டி அச்சு வரைக்கும் எல்லாவற்றுக்கும் விளக்கெண்ணெய்தான். தடவினார், ரப்பர் சமர்த்தாக வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது.

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். செவ்வாய்க்கிழமை ராத்திரி போனில் இதைப் பற்றி ஒரு வீடியோ பார்த்திருந்தேன். எண்ணெய் போடாதே, தூசி ஒட்டும், சோப்புத் தண்ணீர் போடு என்று அதில் ஒரு ஆள் தலையால் அடித்துக்கொண்டார். எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. என்ன ஆகும் என்று பார்க்கத்தான்.

நாலு கதவும் முடிந்து சாயங்காலம் ஐந்து மணிக்கு வண்டியைக் கரிமூட்டம் ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். திரும்பி வந்து பெரியப்பா கண்ணாடியை இறக்கி ஏற்றினார். கண்ணாடியின் நாலு ஓரத்திலும் கருகருவென்று ஏதோ குழைந்து கொண்டு வந்தது. விரலால் வழித்துப் பார்த்தார். கரித்தூசியும் விளக்கெண்ணெயும் சேர்ந்தால் என்ன ஆகும்? எங்கள் ஊர்ப் பெண்கள் காலங்காலமாகப் பிள்ளைக்குச் செய்கிற சாமான்தான்.

"பேத்திக்குக் கண்மை ரெடி பெரியப்பா. கொட்டாங்கச்சி கொண்டாரவா?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கை நிறைய மையோடு காரின் பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "நாளைக்கு ஒருநாத்தான் இருக்கு" என்றார். என்னிடம் சொல்லவில்லை, காரிடம் சொன்னார்.

நானும் அவர் பக்கத்தில் போய்க் குத்த வைத்தேன்.

"பெரியப்பா... அந்த ஸ்பேர் கடையில ஒரு ஆளு சொன்னாரு. எண்ணெய் போடக் கூடாதாம். எல்லாத்தையும் தொடைச்சுட்டு சோப்புத் தண்ணி போட்டா வழுக்கிட்டுப் போயிருமாம். அப்பறம் அதுவாக் காஞ்சிருமாம்."

"எப்பச் சொன்னாரு?"

"நேத்து. நீங்க அங்கிட்டுப் போயிருந்தீக."

அவர் என்னைப் பார்த்தார். நான் கடைக்கு ஓடிப்போய் நாலு ஷாம்பு பாக்கெட் வாங்கி வந்தேன், கேட்காமலேயே.

வியாழக்கிழமை முழுக்க உருவி, துடைத்து, கழுவி, மறுபடியும் முதலிலிருந்து போட்டோம். நான் பின்பக்க இரண்டு கதவையும் போட்டேன். பெரியப்பா, "இழுக்காத, இழுத்து வச்சா நாளைக்குச் சுருங்கிக்கிரும். தள்ளி வையி" என்று மட்டும் சொன்னார். மூலைகளில் கட்டை விரலால் அமுக்கி அமுக்கி என் விரல் சிவந்துவிட்டது. சாயங்காலம் மறுபடி சாம்பிராணிச் சட்டி உள்ளே போனது. பெரியப்பா சுற்றி வந்தார். ஒரு சுற்று, இரண்டு சுற்று. காருக்குள் புகை மேகமாக நின்றது. வெளியே ஒரு நூல்கூட வரவில்லை. சுண்ணாம்பைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை ஆறு சீப்பு கிடைத்தபோதுகூட நான் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை. பழைய வெள்ளை வேட்டி ஒன்றைத் துவைத்து இரண்டாகக் கிழித்திருந்தார். ஒரு பாதி பின்சீட்டுக்கு. இன்னொரு பாதியை மடித்து டேஷ்போர்டுக்குள் வைத்தார், பிள்ளைக்குப் போர்த்த. நான் காருக்கு முன்னால் கட்ட வேப்பங்கொத்து ஒடித்துக்கொண்டு வருவதற்குள் துணியை விரித்துக் கதவையெல்லாம் சாத்தித் தயாராக இருந்தார்.

கரிமூட்டம் ரோட்டில் அன்றைக்கு என்று பார்த்துக் காற்று பேயாட்டம் ஆடியது. முன்னால் ஒரு கரி லாரி வேறு. பெரியப்பா அதை முந்தவில்லை, ஒட்டிக்கொண்டே போனார். வேண்டுமென்றேதான்.

ஆஸ்பத்திரி வளாகத்தில் வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்தினார். இறங்கிப் பின்கதவைத் திறந்து எதையோ உள்ளே தள்ளிவிட்டுச் சாத்தினார். நான் அப்போது எதிரே வடைக் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "இரு, கூட்டியாரேன்" என்று மாடிக்குப் போனார்.

சும்மா இருக்கட்டும் என்று பின்னால் திரும்பிப் பார்த்தேன். விரித்திருந்த துணியின் இடது ஓரத்தில், கதவுப் பக்கம், நாலு விரல் அகலத்துக்குக் கறுப்பு.

அது நான் போட்ட கதவு.

நான் ரொம்ப யோசிக்கிற ஆள் இல்லை. டேஷ்போர்டைத் திறந்தேன், மற்ற பாதி வேட்டியை எடுத்தேன், கறுத்த துணியை உருவிவிட்டு அதை விரித்தேன். உருவிய துணியை எங்கே ஒளிப்பது? முன்பக்க இடது கதவின் இடுக்குத்தான் என் நிரந்தர இடம். இரண்டு வருஷமாகப் புளியங்கொட்டையை வாங்கி வைத்துக்கொண்ட இடம். துணியின் முனையைத் திணித்தேன். போகவில்லை. சீப்பை வைத்துக் குத்தினேன். முனை மட்டும் ஒரு விரக்கடை உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டது. இழுத்தால் வெளியேயும் வரவில்லை. புது ரப்பர் நாய் கவ்வுவது போலக் கவ்விக்கொண்டது. அதற்குள் படியில் ஆள் சத்தம். மீதித் துணியைச் சுருட்டிக் கதவோரம் வைத்து, மேலே என் துப்பட்டாவைப் போட்டு, சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

பெரியம்மா கையில் பிள்ளை. பின்னால் அக்கா. அத்தான் ஒரு கையில் பை, ஒரு கையில் போன்.

அக்கா கதவைத் திறந்து குனிந்து பார்த்தாள். துணியைத் தடவினாள். முகம் மலரவில்லை.

"எப்பா, இந்தத் துணி எந்த ரோட்டுல வந்துச்சு?"

"நம்ம ரோட்டுலதாம்மா."

"மடிப்புக்கூடக் கலையல. பீரோவுல இருந்து இப்பத்தான் எடுத்த மாதிரி இருக்கு." என் பக்கம் திரும்பினாள். "ஏ மாரிக்கனி. என்ன பண்ணுன?"

"நான் என்ன பண்ணுனேன்? வேப்பங்கொத்து கட்டுனேன்."

"பச்சப்பிள்ள விசயத்துல வெளையாடுறியா?" அக்காவுக்குக் குரல் உடைந்துவிட்டது. அத்தான் போனைக் காதுக்குக் கொண்டுபோனார். "மாமா, தப்பா நினைக்காதீக. அந்த வண்டிக்கே சொல்லிர்றேன்."

பெரியப்பா துணியைப் பார்த்தார். அதன் இடது ஓரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்து, இரண்டு விரலால் என் துப்பட்டாவைத் தூக்கினார்.

இரண்டு தடவை இழுத்த பிறகுதான் துணி வந்தது. "ஒரு முனையவே எப்பிடிப் பிடிச்சு வச்சிருக்கு பாத்தீகளா" என்றார் அத்தானிடம், அந்த நேரத்திலும். அதைப் பானெட் மேல் விரித்தார். ஓரத்தில் நாலு விரல் கரி. அதற்குப் பிறகு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல நின்றுவிட்டது. கோட்டுக்கு இந்தப் பக்கம் முழுக்க வெள்ளை.

"இது கதவுக்கு வெளிய கெடந்த பகுதிம்மா. நான்தான் காலையில நாலு விரக்கடைய வெளிய விட்டுக் கதவச் சாத்துனேன். வெறும் வெள்ளத் துணியக் காட்டுனா நீ நம்ப மாட்டேன்னு எனக்குத் தெரியாதா? கரிக்குள்ள வந்தோமா இல்லையாங்கறதுக்கு அந்தக் கறுப்பு சாச்சி. அது எங்கன நின்னுச்சுங்கறதுக்கு இந்தக் கோடு சாச்சி."

அக்கா அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்து மெதுவாக இழுத்துக்கொண்டே போனாள். வெள்ளைப் பக்கத்தை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்து, கையைத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் ஒட்டவில்லை. இன்னொரு தடவை தேய்த்தாள்.

"போன வையிங்க" என்றாள் அத்தானிடம். "எங்கப்பா காருலயே போவோம்."

பெரியப்பா எனக்கு மட்டும் கேட்கும்படி, "அத ஏன் ஒளிச்ச?" என்றார்.

"சும்மா. வெளையாட்டுக்கு."

"ம். புளியங்கொட்டைய மாதிரி" என்றார். அவ்வளவுதான்.

பின்சீட்டில் அக்காவும் பெரியம்மாவும் பிள்ளையும். அத்தான் பைகளோடு பைக்கில் பின்னால் வந்தார். திருச்சுழி தாண்டிக் கரிமூட்டம் தெரிந்ததும் பெரியப்பா, "கண்ணாடிய ஏத்துங்க" என்றார். நாலு கண்ணாடியும் ஏறி, ரப்பருக்குள் போய்ப் பட்டென்று உட்கார்ந்தன. காற்றுச் சத்தம் நின்றது. வெளியே கரி பறந்தது, மூட்டங்கள் புகைந்தன, ஒரு ஆள் மண்ணை அள்ளி வெடிப்பில் அப்பிக்கொண்டிருந்தார். இருபது வருஷம் பெரியப்பா மூச்சில் இழுத்த அத்தனையும் கண்ணாடிக்கு அந்தப் பக்கமே கூட வந்தது. உள்ளே வர வழியில்லை. அக்கா முந்தானையை எடுத்து வாயருகே தயாராக வைத்திருந்தாள். ஒரு கிலோமீட்டர் போனதும் அதை மடியில் விட்டுவிட்டாள். பிள்ளை கன்னத்தில் மைப்பொட்டோடு தூங்கியது. ஒரு தடவை வாயைத் திறந்து, ரொம்பப் பெரிய ஆள் மாதிரி கொட்டாவி விட்டு, மறுபடி தூங்கியது. அக்கா கண்ணாடியில் பெரியப்பாவைப் பார்த்து, "எப்பா, நல்லாத்தான் அடைச்சிருக்கீக" என்றாள். பெரியப்பாவுக்கு ரோட்டைத் தவிர வேறு எதையும் பார்க்கத் தோன்றவில்லை போல.

நான் திரும்பிப் பிள்ளையையே பார்த்துக்கொண்டு வந்தேன். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பித் துப்பட்டா முனையால் கண்ணைத் துடைத்தேன். யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

"என்னத்தா, கண்ணத் தொடைக்கிற?"

"தூசி விழுந்துருச்சு பெரியப்பா."

ஆடு ஒன்று குறுக்கே வந்து நின்றது. பெரியப்பா வண்டியை நிறுத்தினார். அது யோசித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, என் பக்கம் திரும்பிக் கேட்டார்:

"எந்தக் காருக்குள்ள?"